நூற்று அறுபத்தொன்றாவது கவ்வி

"அந்தப் பொண்ணைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. அவ மூஞ்சியப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேக்கணும். அதுக்கப்புறம் அவ எங்க வேணா போகட்டும்."

ரைலி கொக்கோ குரலை உயர்த்தாமல்தான் இதைச் சொன்னாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் கணவன் ஆர்வோவின் துணிமணி, பூட்ஸ், கைக்கடிகாரம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆர்வோ குழாய்களுக்கு நடுவே கிடந்தான். மதியம் இரண்டு மணிக்குத் தூக்க மருந்தை நிறுத்திப் பார்ப்பதாக டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். முழித்தால் முழிப்பான். பதினொரு நிமிடம் பனிக்கு அடியில் கிடந்தவன்.

ஹில்க்கா ரவ்த்தியோ எதிரே நின்றுகொண்டே கேட்டாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரித்துக்கொண்டிருந்தவள், நாலு வருடமாகச் சொந்தமாகத் துப்பறிகிறாள். ஜனவரியில் காணாமல்போன ஒரு மனிதரைத் தேடிப் போய் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கண்டெடுத்தாள். அன்றிலிருந்து 'காணோம்' என்ற சொல்லைக் கேட்டாலே அவள் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். இப்போது ஒன்பது பத்து.

விஷயம் இதுதான். ரைலியின் பட்டறையில் ஏழு பேர். இரண்டு வருடம் பாடுபட்டு ஒரு கயிற்றுக் கவ்வி செய்தார்கள். உறைந்த ஏரியில் பனி உடைந்து விழுந்தவரைக் கரையிலிருந்து ஒற்றை ஆளே இழுத்தெடுக்கலாம். கவ்வி கயிற்றைப் பிடித்துக்கொள்ளும், வழுக்கவிடாது. கடுங்குளிரில் அது தாங்குமா என்று சோதிக்கப் பட்டறையில் வசதியில்லை. நகரப் பல்கலைக்கழகத்தின் இயந்திரவியல் துறை உதவிக்கு வந்தது. சின்னக் கம்பெனிக்கு ஒரு மாணவர் என்று பயிற்சிக்கு அனுப்புவது அவர்கள் வழக்கம். ரைலிக்கு வாய்த்தவள் சைமி. மூன்றாம் வருட மாணவி. வியாழக்கிழமைதோறும் பட்டாணி சூப்புக்குப் பட்டறை ஆட்களோடு ஒரே மேசையில் உட்காருவாள். நாற்பது கவ்விகளைச் சோதித்து, நாற்பதும் தேறின என்று எழுதிக் கொடுத்தாள்.

புதன்கிழமை தன்னார்வ மீட்புக் குழுவின் பயிற்சியில் ஆர்வோ தானே தண்ணீரில் இறங்கினான். மனைவி செய்த கவ்வி, வேறு யாரை இறக்குவது? கவ்வி இரண்டாக உடைந்தது. நீரோட்டம் அவனைப் பனிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை துறையிலிருந்து பதில் வந்தது. மாணவி குளிர் சோதனை செய்யவே இல்லை, ஏட்டில் பொய்யாக எழுதியிருக்கிறாள், துறை வருந்துகிறது. அன்று சாயங்காலத்திலிருந்து சைமியின் போன் அணைந்து கிடக்கிறது. இன்று காலை அறையிலும் ஆளில்லை.

"அவ உங்களுக்குப் போன் பண்ணாளா?" என்று ஹில்க்கா கேட்டாள்.

"நாலு தடவை. நான் எடுக்கல."

ஹில்க்காவின் உதவியாளர் யால்மரி, பையிலிருந்த சாமான்களை அனுமதி கேட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அறுபத்து மூன்று வயது. முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் உட்கார்ந்தால் மனைவியோடு பேச வேண்டியிருக்கும் என்பதால் ஹில்க்காவிடம் வேலைக்குச் சேர்ந்ததாகச் சொல்லிக்கொள்வார். பையின் அடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. கவ்வியை வைத்துத் தோளில் மாட்டிக்கொள்ளும் உறை. அதன் மூடியில் நீல நிற ஒட்டுப்பட்டை இரண்டு சுற்று சுற்றியிருந்தது.

"எல்லா டப்பாவையும் இப்படித்தான் ஒட்டித் தருவீங்களா?" என்றார்.

ரைலி சோர்வாகப் பார்த்தாள். ஒட்ட வேண்டியதே இல்லை, அமுக்கினால் மூடி தானே பூட்டிக்கொள்ளும் என்றாள். ஆர்வோ எதையாவது ஒட்டிக்கொண்டேதான் இருப்பான்.

ஹில்க்கா டப்பாவைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

*

துறையின் சோதனைக்கூடம் கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. பொறுப்பாளர் தாப்பியோ நியெமெலா சனிக்கிழமையிலும் வந்திருந்தார். வழவழப்பாகச் சவரம் செய்த முகம், அளந்து வைத்த வார்த்தை. கேட்பதற்கு முன்பே ஒரு தாளை நீட்டினார். குளிர் அறைக் கதவு யார் அட்டைக்கு எப்போது திறந்தது என்ற பட்டியல். ஜனவரி மாதம் முழுக்க சைமியின் அட்டைக்குக் கதவு ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

"கவ்விகளை மைனஸ் இருபதில் நாலு மணி நேரம் வைத்துவிட்டு இழுக்க வேண்டும். அவள் அப்படியே எடுத்து இழுத்திருக்கிறாள். சோம்பல். நல்ல மாணவிதான், எனக்கும் வருத்தம்" என்றார்.

மேலே காப்பி அறையில் சைமியோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் பெண் அழுதுகொண்டிருந்தாள். அவள் சொன்னதை ஹில்க்கா பொறுமையாகக் கேட்டாள். காலை ஆறு மணிக்குக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதாம். மேசையில் ஒரு சீட்டு: 'நான் பொய் எழுதல. யாரும் நம்பப் போறதில்ல. கிளம்பறேன்.' போலீஸ் அதைப் படித்துவிட்டுப் பாலத்துக்கு அடியில் ஆற்றைத் தேடிக்கொண்டிருக்கிறது.

சைமி என்னென்ன எடுத்துக்கொண்டு போனாள் என்று ஹில்க்கா கேட்டாள். அந்தப் பெண் யோசித்தாள். பிளாஸ்க்கைக் காணோம். கறுப்பு ரொட்டி பாதியைக் காணோம். அப்புறம் ஆணியில் தொங்கும் குத்தூசிகள். ஏரியில் நடக்கும்போது கழுத்தில் மாட்டிக்கொள்வோமே, பனி உடைந்தால் குத்தி மேலே ஏறுவதற்கு, அந்த ஜோடியையும் காணோம்.

ஹில்க்காவுக்கு அன்று முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

"யால்மரி, சாகப் போறவ தப்பிக்கிற ஊசியக் கழுத்துல மாட்டிட்டுப் போவாளா?"

"மத்தியானச் சாப்பாட்டையும் கட்டிட்டுப் போக மாட்டா. இவ ஏதோ வேலையாப் போயிருக்கா."

"ஏரி மேல வேலை."

"ஏரி பெருசும்மா. சுத்தி வர பஸ்ல ரெண்டரை மணி நேரம், அதுவும் நான் ஓட்டினா."

ஏரியில் எங்கே என்று தெரிய, முதலில் ஏன் என்று தெரிய வேண்டும். ஹில்க்கா காப்பி அறை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வடக்குப் பக்கம், வெயிலே படாத முற்றம். மார்ச் மாதக் கடைசியிலும் அங்கே பனி முழங்கால் உயரம் இருந்தது. சுவரில் ஒரு நீளப் பலகை அடித்திருந்தார்கள். பலகையில் ஆணிகள், வரிசைக்குப் பத்தாக நாலு வரிசை. ஓரத்தில் கம்பியால் கட்டிய ஒரு தெர்மாமீட்டர். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் பென்சிலில் ஒரு எண், ஒரு மணிக்கணக்கு, ஒரு குளிர்க்கணக்கு. மைனஸ் இருபத்திரண்டு. மைனஸ் இருபத்து நாலு.

அவள் திரும்பி வந்தபோது தாப்பியோ சோதனைக்கூட வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஜனவரியில குளிர் அறை யார்கிட்ட இருந்துச்சு?" என்று கேட்டாள்.

ஒரு பெரிய காகித ஆலையின் வேலைக்கு ஆறு வாரம் கொடுத்திருந்ததாக அவர் ஒப்புக்கொண்டார். சின்னக் கம்பெனிகள் காத்திருக்கத்தான் வேண்டும்.

"அவ காத்திருக்கல. வெளிய மைனஸ் இருபத்து நாலு சும்மாவே கிடைக்குதே, உங்க கதவு எதுக்கு? பலகையில தொங்கவிட்டுட்டா. சோதனை நிஜம், சார். நாற்பதும் குளிர்ல இழுத்ததுதான்."

தாப்பியோ கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். யால்மரி மெல்ல அவள் காதருகே வந்தார். "முப்பத்தோரு வருஷம் கண்ணாடியில ஜனங்க மூஞ்சியப் பார்த்திருக்கேன். எறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிடுச்சுன்னு தெரிஞ்சும் மணியடிக்க வெக்கப்படுறவன் இப்படித்தான் நிப்பான்."

ஹில்க்கா யோசித்தாள். சோதனை நிஜமென்றால் அது இவருக்குத் தெரியாமலிருக்காது. பலகை மேலே அவர் அறை ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. தெரிந்தே அவளைப் பொய்க்காரி ஆக்கினார் என்றால், சோதனையே நடக்கவில்லை என்று ஊர் நம்புவதில் இவருக்கு ஒரு லாபம் இருக்க வேண்டும். சோதனை நடக்காவிட்டால் யாரும் கேட்க முடியாத கேள்வி எது?

"சோதிச்ச கவ்விங்க எங்க?" என்றாள்.

உடைகிற எல்லை வரைக்கும் இழுத்த உலோகத்தை மறுபடி பயன்படுத்தக் கூடாது, ஆகவே ஒவ்வொன்றையும் ரம்பத்தில் இரண்டாக அறுத்துக் குப்பையில் போடுவது விதி என்று அவர் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். அறுத்தாயிற்று.

யால்மரி ஆய்வுக்கூடத்தின் மூலைக்கு நடந்தார். அங்கே ரம்பம் இருந்தது. ரம்பத்தின் மேசைமேல் காப்பி மெஷின், சர்க்கரை டப்பா, ஒரு வாடிய பூந்தொட்டி.

"ரம்பம் நல்ல கூர்மைங்க. காப்பி வடியுது."

தாப்பியோ போய் மெஷினை அணைத்தார். பிறகு உட்கார்ந்தார். ரம்பம் போன இலையுதிர் காலத்திலேயே பழுது. சைமி இரண்டு தடவை கேட்டாளாம், அறுக்காமல் எப்படி அனுப்புவது என்று. பட்டறைக்காரர்களுக்குத் தெரியும், அனுப்பு என்று இவர்தான் சொன்னார். பிப்ரவரியில் நாற்பதையும் ஒரே பெட்டியில் போட்டு ரைலிக்குத் திருப்பி அனுப்பியாயிற்று. வியாழக்கிழமை விபத்துச் செய்தியைப் படித்தபோதே அறுக்காமல் அனுப்பிய நாற்பதும் அவர் ஞாபகத்துக்கு வந்தன. வெள்ளிக்கிழமை, சைமி குளிரில் சோதிக்கவே இல்லை என்று துறைத்தலைவருக்குக் கடிதம் எழுதினார்.

"அவளுக்கு வயசு இருபத்திரண்டு. வேற எங்கயாவது படிச்சுக்குவான்னு நெனச்சேன்" என்றார்.

"ஆத்துல தேடிட்டிருக்காங்க" என்றாள் ஹில்க்கா.

அவர் சொன்னதையெல்லாம் அவர் கையாலேயே எழுதி வாங்க ஏழு நிமிடம் ஆனது. அந்த ஏழு நிமிடமும் அவளுக்கு முள்மேல் நிற்பதுபோல இருந்தது.

*

ரைலியையும் ஆஸ்பத்திரியிலிருந்து பட்டறைக்கு வரச் சொன்னாள். வர முடியாது, கணவனை விட்டு நகர மாட்டேன் என்றவள், இன்னும் ஆட்கள் சாகலாம் என்று கேட்டதும் பத்து நிமிடத்தில் வந்துவிட்டாள்.

பட்டறையில் எட்டுப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. உடைந்த மறுநாளே ரைலி எல்லாத் தீயணைப்பு நிலையங்களுக்கும் போன் செய்து, விற்ற கவ்விகளைப் பஸ் பார்சலில் திருப்பி வாங்கிவிட்டாள். விற்பனைக்கென்று செய்தது மொத்தம் நூற்று அறுபது, பெட்டிக்கு இருபது. இனி வெளியே ஒன்றுகூட இல்லை, அந்த ஒரு நிம்மதிதான் தனக்கு மிச்சம் என்றாள்.

யால்மரி பெட்டிகளுக்கு நடுவே குனிந்து, பயணிகளை எண்ணுவதுபோல விரலால் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டு போனார். கடைசிப் பெட்டியில் நின்று நிமிர்ந்தார்.

"நூத்தி அறுபது."

"அதான் சொன்னேனே" என்றாள் ரைலி.

"நீங்க செஞ்சது நூத்தி அறுபது. இங்க இருக்கிறது நூத்தி அறுபது. அப்ப உங்க வீட்டுக்காரர் கையில உடைஞ்சது எத்தனாவதும்மா?"

ரைலி குனிந்து கடைசிப் பெட்டியைத் தானே எண்ணினாள். இருபது.

ஹில்க்கா பெட்டியிலிருந்து ஒரு புதுக் கவ்வியை எடுத்து ஆர்வோவின் சிவப்பு டப்பாவில் வைத்து மூடினாள். 'டக்' என்று பூட்டிக்கொண்டது. இன்னொன்றை வைத்தாள். டக். டப்பாவில் குறையில்லை. குறை, அதற்குள் இருந்ததில். ஆர்வோவின் கவ்வி டப்பாவுக்குள் அடங்கவில்லை, அதனால்தான் அவன் ஒட்டினான். ஏற்கனவே ஒரு தடவை உயிர் போகிற இழுப்பை வாங்கி ஒரு மயிரிழை நீண்டுபோன கவ்வி.

"நாற்பதுல ஒண்ணு" என்றாள். "துறையிலேர்ந்து ஒரு பெட்டி வந்துச்சே பிப்ரவரியில, எங்க வெச்சீங்க?"

கீழ்த்தட்டில்தான் வைத்தோம் என்று ரைலி கையைக் காட்டினாள். கீழ்த்தட்டில் தூசுக்கு நடுவே ஒரு சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தது.

ரைலி அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் பேசியதைக் கேட்க ஹில்க்கா பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆர்வோ பட்டறையிலிருந்து போன் செய்தானாம். இவள் அப்போது வெளியே ஒரு வாடிக்கையாளரோடு இருந்தாள். பயிற்சிக்கும் சனிக்கிழமை மீன்பிடிப் போட்டிக்கும் குழுவுக்குக் கவ்வி வேண்டும் என்றான். மேல்தட்டில் விற்காமல் வைத்திருந்த ஒரு பெட்டி ஞாபகத்தில், எடுத்துக்கொள் என்றாள்.

"என்ன வார்த்தை சொன்னீங்க, அப்படியே சொல்லுங்க."

"அலமாரியில முடிஞ்சது இருக்கு, அத எடுத்துக்கோன்னேன்."

"அந்தப் பெட்டி மேல சைமி என்ன எழுதியிருந்தா?"

"முடிந்தவை, நாற்பது." ரைலி இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எங்க பட்டறையில முடிஞ்சதுன்னா வேலை முடிஞ்சது, அனுப்பலாம்னு அர்த்தம். அவங்க லேப்ல..."

"சோதனை முடிஞ்சது. கவ்வியோட ஆயுசும் முடிஞ்சது."

மேல்தட்டுப் பெட்டியைக் கணவன் கொண்டுபோனதாகவும், ஆட்கள் அதைக் குழுவிடமிருந்து திரும்ப வாங்கி வரிசையில் வைத்ததாகவும் அவள் இந்த மூன்று நாளும் நினைத்திருந்தாள். ஆனால் ஆட்கள் அதை அலமாரியிலிருந்தேதான் எடுத்து வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

யால்மரி ஏற்கனவே கார்ச் சாவியைக் கையில் எடுத்திருந்தார். மீன்பிடிப் போட்டி. ஏரி நடுவே நானூறு பேர். வெயிலில் ஊறிப்போன மார்ச் மாதப் பனி. அவர்களைக் காக்க நிற்கும் குழுவிடம் முப்பத்தொன்பது செத்த கவ்விகள். மணி பன்னிரண்டு பத்து.

குழுத்தலைவர் எஸ்கோவின் எண்ணுக்கு ஹில்க்கா வழியெல்லாம் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பனிமேல் நிற்பவன் கனத்த கையுறையைக் கழற்றிப் போன் எடுப்பது அபூர்வம். ரைலி பின்சீட்டில் தன் போனைத் திறந்து, மூன்று நாளாகப் படிக்காமல் விட்டிருந்த செய்திகளைப் படித்தாள். நாலும் சைமியிடமிருந்து. கடைசிச் செய்தியை ஹில்க்காவிடம் நீட்டினாள். 'பேப்பர்ல போட்டோ பாத்தேன். உங்க வீட்டுக்காரருக்குப் பின்னாடி இருக்கிறது என் பெட்டி. தயவுசெஞ்சு போன எடுங்க.'

*

நானூறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பனித்துளையில் மீன் பிடிப்பது நின்றுகொண்டு செய்கிற காரியமில்லை. ஆளுக்கொரு பெட்டி, அதன்மேல் ஆள், காலுக்கு நடுவே துளை, கையில் சாண் நீளத் தூண்டில். குனிந்த முதுகுகள் கண்ணுக்கெட்டிய வரை. இதில் யார் சைமி? எல்லாரும் காது மறைத்த தொப்பி, எல்லாரும் கனத்த கோட்டு.

குழுவின் வண்டி கரையோரம் நின்றது. உள்ளே கவ்விப் பெட்டி இல்லை. ஒரு பெண் காலையிலேயே வந்து தகராறு செய்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரிப் பனிமேல் ஓடிவிட்டாள், தலைவர் போலீசுக்குச் சொல்லியிருக்கிறார் என்று அங்கே காப்பி விற்றவர் சொன்னார்.

ஹில்க்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு முதுகுகளைப் பார்த்தாள். நேரம் நகர்ந்துகொண்டிருந்தது. ஜனவரியில் இப்படித்தான் நின்று தேடினாள். அப்போது யால்மரி அவள் முழங்கையைத் தொட்டார்.

"எல்லாரும் பெட்டி மேலதான் உக்காந்திருக்காங்க. சரி. அங்க பாரு, மூணாவது கொடிக்கு அந்தாண்ட. அந்தப் பொண்ணு காலுக்கு நடுவுல ஓட்டையே இல்ல."

ஓடினார்கள். சைமி நிமிர்ந்து பார்த்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆறு மணி நேரமாக அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள். குழு ஆட்கள் இரண்டு தடவை வந்து எழுப்பப் பார்த்திருக்கிறார்கள். பொய்ச் சோதனை எழுதினவள் பேச்சை எவன் கேட்பான்? எழுந்திருக்க மாட்டேன் என்று பெட்டியைக் காலால் கவ்விக்கொண்டாளாம். ரைலியைக் கண்டதும் அடி விழப் போவதுபோலத் தோளைக் குறுக்கினாள்.

"நான் குளிர்லதான் இழுத்தேன். சத்தியமா" என்றாள்.

"தெரியும்" என்றாள் ஹில்க்கா. "பலகையப் பார்த்தேன். உள்ள எத்தனை இருக்கு?"

"முப்பத்தெட்டு."

ஒன்று உடைந்தது. முப்பத்தெட்டு இங்கே. "இன்னொண்ணு?"

"எஸ்கோ இடுப்புல. கையில வேற கவ்வியே இல்ல, ஒண்ணு உடைஞ்சா எல்லாமுமா உடையும்னு குடுக்க மாட்டேன்னுட்டார்."

அவள் சொல்லி முடிக்கவில்லை. ஆறு ஏரியில் சேரும் பக்கம் யாரோ கத்தினார்கள். அங்கே முதுகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. எல்லைக் கொடியைத் தாண்டி, மீன் அதிகம் என்ற ஆசையில் போன ஒருவர் இருந்த இடத்தில் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. எஸ்கோவின் பனி ஸ்கூட்டர் அதை நோக்கிப் பறந்தது.

சைமி எழுந்தாள். எழுந்தவள் யால்மரியின் கோட்டைப் பிடித்து இழுத்துப் பெட்டிமேல் உட்கார வைத்தாள். "யார் வந்தாலும் எந்திரிக்காதீங்க."

"எந்திரிக்கிறது எனக்குப் பழக்கமே இல்லம்மா, நீ போ."

பக்கத்தில் யாருடைய சறுக்கு வண்டியோ நின்றது. ஒரு காலைக் கம்பியில் வைத்து மறுகாலால் உதைத்துத் தள்ளுகிற வண்டி. அதில் ஏறி அவள் பறந்தாள். ஹில்க்கா பின்னால் ஓடினாள். ஊறின பனியில் ஒவ்வொரு அடியும் கணுக்கால் வரை இறங்கியது. நூறு மீட்டர் இருக்கும்போது எஸ்கோ குப்புறப் படுத்து, கயிற்றைத் தண்ணீரில் இருப்பவருக்கு எறிந்துவிட்டது தெரிந்தது. தன் பக்கத்துக் கயிற்றில் கவ்வியை மாட்டிக்கொண்டிருந்தார். சைமி வண்டியை விட்டு வயிற்றால் சறுக்கிப் போய் அவர் கையிலிருந்து கவ்வியைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் கறுப்புத் தண்ணீரில் எறிந்தாள்.

எஸ்கோவின் முகத்தை ஹில்க்கா வெகுநாள் மறக்கவில்லை. அவர் சைமியை அடிக்கக்கூட நேரமில்லாமல் கயிற்றைக் கையாலேயே பிடித்தார். கயிறு ஈரம், வழுக்கியது. சைமியும் பிடித்தாள். அவள் கால்களை ஹில்க்கா பிடித்தாள். ஹில்க்காவின் கால்களை யாரோ முன்பின் தெரியாத மீனவர் பிடித்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், இன்னொருவர். பனிமேல் இருபது முப்பது பேர் வரிசையாகக் குப்புறக் கிடந்து பின்வாங்கினார்கள். இரண்டு தடவை கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடியது. மூன்றாவது தடவை ஒரு தொப்பியில்லாத நரைத்த தலை பனி விளிம்பில் மோதி, வாயிலிருந்து தண்ணீரைக் கக்கியது.

உயிர் இருந்தது. ஸ்கூட்டரில் கட்டி அனுப்பினார்கள்.

எஸ்கோ எழுந்து நின்றார். சைமி பக்கம் திரும்பினார். "அது உடைஞ்சிருக்கும்னு உனக்கெப்படித் தெரியும்? நல்லதாக்கூட இருந்திருக்கலாம். உன்னால அந்த மனுஷன் செத்திருப்பான்."

சைமி தண்ணீரைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாதுதான். கவ்வி முப்பதடி ஆழத்தில் கிடக்கிறது. இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டது ஹில்க்காவின் காதில் விழுந்தது. பேப்பரில் வந்ததே, அந்தப் பல்கலைக்கழகப் பெண்தான். முதலில் பொய் எழுதினாள், இப்போது இது.

ஹில்க்கா தாப்பியோ காலையில் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை எடுக்கப் பைக்குள் கைவிட்டாள். அதற்குள் ரைலி நடந்துபோய்ப் போட்டி நடத்துகிறவர் கையிலிருந்த ஒலிபெருக்கியை வாங்கிவிட்டாள். ஹில்க்கா தடுக்க நினைத்தாள். நிதானமாக, வக்கீல் வைத்து, வார்த்தை பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். ஏழு பேர் பிழைப்பு.

"என் பேரு ரைலி கொக்கோ" என்றது ஒலிபெருக்கி. ஏரியின் மறுகரை வரைக்கும் கேட்டது. "அந்தக் கவ்விய செஞ்சது என் பட்டறை. இந்தப் பொண்ணு ஒழுங்காத்தான் சோதிச்சா. சோதிச்சு முடிஞ்ச கவ்விங்களத் தூக்கிப் போடணும். அதப் போடாம, என் வீட்டுக்காரர்கிட்ட எடுத்துட்டுப் போன்னு சொன்னது நான். என் வாயால சொன்னேன். அவர் ஆஸ்பத்திரியில கிடக்கிறார். இவ எனக்கு நாலு தடவை போன் பண்ணா, நான் எடுக்கல. எடுத்திருந்தா இவ காலையிலேர்ந்து இங்க பனியில உக்காந்திருக்க வேண்டியதில்ல. அவ்வளவுதான்."

அவள் ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்தாள்.  எஸ்கோ தன் கையுறைகளைக் கழற்றி, சைமியின் அறுபட்ட கைகளில் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார். பெட்டிமேல் யால்மரி அப்படியே உட்கார்ந்திருப்பது தூரத்தில் தெரிந்தது.

மணி ஒன்றரை. காரை நோக்கி நடக்கும்போது சைமி ரைலியின் பக்கத்தில் வந்தாள். குளிரில் அவள் பற்கள் தந்தியடித்தன.

"நீங்க சொன்னதால இல்ல. அந்த வார்த்தைய எழுதினது நான். 'தொடாதே'ன்னு எழுதியிருக்கணும்."

ரைலி நின்றாள். காலையில் ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டும் என்று சொன்ன கேள்வி அவளிடம் இப்போது இல்லை. சைமியின் தொப்பியை இழுத்துக் காது மூடும்படி சரிசெய்தாள்.

"ரெண்டு மணிக்கு மருந்த நிறுத்துறாங்க. நீயும் வா. நான் சொன்னத நான் சொல்றேன், நீ எழுதினத நீ சொல்லு. அவர் என்ன வேணா திட்டட்டும்" என்றாள். காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சேர்த்துக்கொண்டாள்: "முழிச்சா."